மூதூரில் தொலைந்தவற்றுக்கு ஒரு பட்டியல் வேண்டும்

மூதூரில் வாழும் ஒருவரின் பெயர் அரசாங்கத்தின் எத்தனை புத்தகங்களில் எழுதப்பட்டிருக்கும்? பிறப்புப் பதிவேட்டில் ஒன்று, பாடசாலை அனுமதி இடாப்பில் ஒன்று. ஆட்பதிவுத் திணைக்களத்திலும் வாக்காளர் இடாப்பிலும் இருக்கும். கிராம உத்தியோகத்தர் வைத்திருக்கும் குடும்பப் பதிவிலும் பிரதேச சபையின் சோலைவரிப் புத்தகத்திலும் இருக்கும். அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் பெற்றவர் என்றால் பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் ஒரு பக்கம். கடலுக்குப் போகிறவர் என்றால் படகுப் பதிவு. இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர் என்றால் நிவாரணப் பட்டியல்கள், அவையும் ஒன்றல்ல, பல.

இத்தனையிலும் பெயர் உள்ள அந்த மனிதர் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கப் போனால் முதலில் கேட்கப்படுவது, "ஜீ.எஸ். கடிதம் இருக்கா?" என்பதுதான். வதிவிடத்துக்கும் நன்னடத்தைக்குமான அந்தச் சான்றிதழில் கிராம உத்தியோகத்தர் கையெழுத்திட வேண்டும், பிரதேச செயலாளர் மேலொப்பமிட வேண்டும். அதன் ஆயுள் 6 மாதம். ஏழாம் மாதம் இன்னொரு வேலைக்கு விண்ணப்பித்தால், அதே வீட்டில் அதே திண்ணையில் இருக்கிற ஆள் மறுபடியும் போய், தான் அங்கேதான் இருக்கிறேன் என்று எழுதி வாங்க வேண்டும்.

புத்தகங்கள் எல்லாம் அலுவலகத்திடம். நிரூபிக்கிற பாடு குடிமக்களிடம். இந்த ஏற்பாடு நாடு முழுவதற்கும் பொதுதான். கொழும்பிலோ கண்டியிலோ அது ஒரு நாள் அலைச்சலோடு முடிந்துவிடும். மூதூரில் முடிவதில்லை. அந்த ஊரில் மனிதர்கள் இடம்பெயர்ந்ததைப் போலவே காகிதங்களும் இடம்பெயர்ந்தன. மனிதர்களில் பெரும்பாலானோர் திரும்பி வந்தார்கள்.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இருக்கும் இந்த ஊரின் பெயர் உலகப் பதிவில் ஏறிய கதை விசித்திரமானது. 1659 நவம்பரில், புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் திருத்த வேலைக்காகக் கொட்டியாரத்துக்குள் வந்தது. 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் அதன் தலைவரையும் மாலுமிகளையும் பிடித்துப் போனார்கள். தலைவரின் மகன் ரொபர்ட் நொக்ஸ் 19 ஆண்டுகள் கழித்துத் தப்பி, 1681இல் லண்டனில் ஒரு நூலை வெளியிட்டார். அவர் பிடிபட்டதாகச் சொல்லப்படும் புளியமரத்தடி இன்றும் மூதூரில் காட்டப்படுகிறது. இங்கே பிடிபட்ட ஒரு வெள்ளைக்காரர் எப்போது, எப்படிப் பிடிபட்டார் என்பதை 360 ஆண்டுகள் கழித்தும் யாரும் எடுத்துப் பார்க்கலாம். அதே கரையிலிருந்து 1990இல் ஓடிய ஒரு குடும்பம், தன் வளவுக்கு எந்த ஆண்டு யார் பெயரில் அனுமதிப்பத்திரம் எழுதப்பட்டது என்று அறிய விரும்பினால் எங்கே போய்க் கேட்பது?

தலைக் கணக்கிலிருந்தே தொடங்கலாம். இலங்கையில் பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறை குடிசன மதிப்பீடு நடப்பது வழக்கம். 1981இல் நடந்தது. 1991இல் போர் காரணமாக எங்குமே நடக்கவில்லை. 2001இல் நடந்தபோது 18 மாவட்டங்களில்தான் முழுமையாக எண்ண முடிந்தது. திருகோணமலையில் பாதியும் குறையுமாக எண்ணினார்கள். 2007இல் கிழக்கில் தனியாக ஒரு கணக்கெடுப்பு நடந்தது உண்மை. ஆனால் நாடு முழுவதையும் ஒரே முறையில் எண்ணிய முழுக் குடிசன மதிப்பீட்டில் திருகோணமலை மாவட்டம் மறுபடி இடம்பெற்றது 2012இல்தான். மாவட்டத்தில் ஏறக்குறைய 3 லட்சத்து 80 ஆயிரம் பேர். நடுவில் 31 ஆண்டுகள். 1982இல் பிறந்த ஒரு பிள்ளை வளர்ந்து, கல்யாணம் கட்டி, தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகுதான் முதல் தடவையாக அந்த முழுக் கணக்கில் ஒரு தலையாக எண்ணப்பட்டிருக்கும்.

அந்த 31 ஆண்டுகளுக்குள் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்வதே நல்லது. விரிவாக ஊரே அறியும். 1980களின் நடுப்பகுதியிலிருந்து அடுத்தடுத்த இடப்பெயர்வுகள். 2004 டிசெம்பர் 26 காலை கடல் ஊருக்குள் வந்தது. 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதில் தொடங்கிய சண்டை ஒகஸ்ட் முதல் நாட்களில் மூதூர் நகருக்குள் வந்தது. முஸ்லிம் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் கந்தளாய்ப் பக்கம் நடந்தன. சம்பூர், கட்டைபறிச்சான் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் வாகரைக்கும் மட்டக்களப்புக்கும் போயின. போகிறவர் கையில் எடுப்பது பிள்ளையை, நகையை, நேரம் கிடைத்தால் ஒரு பொலித்தீன் பையில் சுற்றிய அடையாள அட்டையையும் உறுதியையும். நேரம் கிடைக்காதவர்களே அதிகம்.

சம்பூரின் கதை இந்தக் காகிதப் பிரச்சினையை முழுதாகக் காட்டுகிறது. 2006 செப்டெம்பரில் இராணுவம் சம்பூரைப் பிடித்தது. 2007 மே மாத இறுதியில் ஒரு வர்த்தமானி வந்தது. அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயம் ஆயிற்று. பிறகு அதே நிலம் முதலீட்டு வலயம் என்றானது, அதில் ஒரு பகுதி இந்தியாவின் என்.ரி.பி.சி. நிறுவனத்தோடு சேர்ந்த நிலக்கரி மின்நிலையத்துக்கு என்றானது. மக்கள் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் கொட்டில்களில் இருந்தார்கள். 2015இல் முந்தைய வர்த்தமானி நீக்கப்பட்டு 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கரும் திரும்பி வந்தது. அதே ஆண்டில் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் சூரிய மின்நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள், 120 மெகாவாட்.

இவ்வளவும் காகிதத்தில் நடந்தவை. ஒரு வர்த்தமானியில் நிலம் போயிற்று, இன்னொரு வர்த்தமானியில் வந்தது. அரசாங்கத்தின் காகிதம் ஒவ்வொரு முறையும் பிழையில்லாமல் அச்சாகி, எண்ணிட்டு, பத்திரமாக இருக்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியவரிடம்தான், "உங்கட வளவுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார்கள். வேலி இல்லை, வீடு இல்லை, எல்லைக்கு நின்ற பனையும் இல்லை.

சட்டம் கொஞ்சம் இரங்கியதும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போர் நிலைமையால் நீதிமன்றம் போய்த் தன் காணியைக் கேட்க முடியாதிருந்தவருக்கு அந்த ஆண்டுகளை ஆட்சிக் காலக் கணக்கில் சேர்க்காமல் விட இடம் கொடுத்தது. வேறொருவர் பத்து ஆண்டுக்கு மேல் இருந்துவிட்டார் என்பதாலேயே காணி கைவிட்டுப் போகாது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்த நாட்களில் தான் ஊரில் இல்லை என்று காட்ட ஒருவருக்கு எது உதவும்? முகாம் பதிவு, உலர் உணவு அட்டை, இடம்பெயர்ந்தோர் பட்டியல். அவற்றின் மூலப் பிரதிகள் யாரிடம்? மறுபடியும் பிரதேச செயலகத்து அலுமாரி.

எல்லாக் கதவும் பூட்டியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1960 ஜனவரி 1க்குப் பிந்திய பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்களின் பிரதியை இப்போது நாட்டின் எந்தப் பிரதேச செயலகத்திலும் பெறலாம். மூதூரில் பிறந்து புத்தளத்தில் குடியேறியவர் இதற்காக வர வேண்டியதில்லை. பிறப்புப் பதிவே இல்லாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் இருக்கிறது. உறுதி தொலைந்தவர் திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் இலக்கம் தேடிப் பிரதி எடுக்கலாம். முன்பு அதற்கு லாஞ்சில் குடாவைக் கடக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதைப் படகுகள் மாறி மாறிக் கரை சேர வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலமும் 2011இல் தெற்கே ஏனைய பாலங்களும் வந்த பிறகு பஸ்ஸில் போய் அன்றே திரும்பலாம். தனியார் உறுதி உள்ளவருக்கு இது வழி. மூதூர்ப் பக்கத்தில் பலருடைய காணி அப்படிப்பட்டதல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரம் அது. அதன் உயிர் பிரதேச செயலகத்தின் பேரேட்டில் இருக்கிறது. பேரேடு கிழிந்தால், நனைந்தால், கைமாறினால், பதிவகத்தில் போய்த் தேடிப் பயனில்லை.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ஒரு விவசாயி தன் பட்டாவையும் வில்லங்க விவரத்தையும் கைத்தொலைபேசியில் பார்க்கிறார். அங்கேயும் பட்டா மாற்றத்துக்கு அலைச்சல் உண்டு, தவறு உண்டு. அதைச் சொர்க்கம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தன் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க அவர் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

இலங்கையிடம் இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது, அதுவும் உலகத்தின் மிக வலுவானவற்றுள் ஒன்றாக எண்ணப்படுவது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 அன்று நடைமுறைக்கு வந்தது. எந்தக் குடிமகனும் எந்த அரச அலுவலகத்திடமும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்க அலுவலகத்துக்கு உரிமை இல்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அதிகாரியே எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடம் மேன்முறையீடு, அங்கும் மறுத்தால் கொழும்பில் உள்ள ஆணைக்குழு. கேட்ட தகவலை வேண்டுமென்றே அழித்தால் அது குற்றம். தண்டம் உண்டு, சிறையும் உண்டு.

ஆனால் சட்டம் எழுதியவர்கள் பெரிய நகரத்தை மனதில் வைத்து எழுதினார்கள் போலும். கொழும்பில் கேட்கிறவரும் கொடுக்கிறவரும் முன்பின் தெரியாதவர்கள். மூதூரில் தகவல் அதிகாரி கேட்கிறவருடைய மைத்துனரோடு படித்தவராக இருப்பார். வீதி ஒப்பந்தத்தைப் பற்றிக் காலையில் கொடுத்த மனு மாலைத் தேநீருக்குள் ஒப்பந்தக்காரர் காதுக்குப் போகும். "ஏன் தம்பி இதெல்லாம் உனக்கு?" என்பது அலுவலகத்தில் கேட்கப்படாது, கடைத்தெருவில் கேட்கப்படும். அதற்கு எந்தப் பிரிவிலும் தடையில்லை. அடுத்த வாரம் அதே ஆள் ஜீ.எஸ். கடிதத்துக்கு அதே படி ஏற வேண்டியவர் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். சிறிய ஊரில் தகவல் கேட்பதற்குத் துணிச்சல் தேவைப்படுகிறது என்றால், தகவல் கேட்காமலே கிடைக்க வேண்டும். பிரச்சினையின் முடிச்சு இதுதான்.

இதற்கு ஒரு முன்மாதிரி இராஜஸ்தானின் வறண்ட கிராமங்களில் இருக்கிறது. 1994இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு அங்கே பொது விசாரணைகளை நடத்தியது. பஞ்சாயத்து வேலைக்கான கூலிப் பட்டியலை ஊரின் நடுவில் உரக்க வாசித்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் செத்தவர் பெயரிலும் ஊரில் இல்லாதவர் பெயரிலும் கூலி போட்டிருப்பதை எழுந்து சொன்னார்கள். ஒரு தனி மனிதர் கேட்டால் பகை. ஊரே கேட்டால் கணக்கு. அந்த வாசிப்புகளிலிருந்து வளர்ந்த இயக்கம்தான் 2005இல் இந்தியாவின் தகவல் உரிமைச் சட்டத்துக்கு வழி வகுத்தது. இன்று அந்த மாநிலத்தின் பல பஞ்சாயத்துச் சுவர்களில் என்ன வேலை, எவ்வளவு செலவு என்று வண்ணத்தில் எழுதியிருக்கிறார்கள். மூதூரில் சுவர்களுக்குப் பஞ்சமில்லை. தேர்தல் காலத்தில் பார்த்தால் தெரியும்.

இலங்கைச் சட்டத்திலும் இதற்கு வாசல் உண்டு. 9ஆம் பிரிவின்படி, வெளிநாட்டுப் பணம் 1 லட்சம் டொலருக்கு மேலான, அல்லது உள்நாட்டுப் பணம் 5 லட்சம் ரூபாய்க்கு மேலான எந்தத் திட்டத்தையும் தொடங்க 3 மாதம் முன்பே பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும். 5 லட்சம் ரூபாய் இன்று ஒரு சின்ன வடிகானுக்குக் கூடக் காணாது. அப்படியானால் ஏறக்குறைய ஒவ்வொரு வடிகானுக்கும் வீதிக்கும் இது பொருந்தும். சம்பூர் மின்நிலையத்துக்குப் பொருந்தும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எது திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்பதில் அரசாங்கத்துக்கே தலைகீழான பழக்கம் ஒன்று இருக்கிறது. 2023இல் அஸ்வெசும நலத்திட்டப் பயனாளிகளின் பட்டியலை வெளியிட்டு, ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்றார்கள். நாடு முழுவதும் 9 லட்சத்துக்கு மேற்பட்ட மேன்முறையீடுகள் குவிந்தன. யார் ஏழை, யார் ஏழையல்ல என்று அயலவர் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும்படி பெயர்கள் பொதுவில் இருந்தன. அந்தப் பட்டியலைத் தயாரிக்கப் பயன்பட்ட புள்ளி முறை ஒருவருக்கு எப்படிப் பொருந்தியது என்பதை அறியத்தான் அலைய வேண்டியிருந்தது. குடிமகனின் வறுமை திறந்த புத்தகம். அலுவலகத்தின் கணிப்பு மூடிய கோவை. தகவலறியும் உரிமைச் சட்டமே தனிப்பட்ட விவரங்களுக்கு விலக்குக் கொடுக்கிறது, 2022இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமும் வந்தது. அயலவரின் அடையாள அட்டை இலக்கமோ, விதவையின் நிவாரணத் தொகையோ ஊருக்குத் தேவையில்லை. எத்தனை அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டன, எந்தக் குளத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பவை தேவை.

மூடிய கோவை என்றதும் மூதூருக்கு நினைவு வருவது வேறொன்று. 2006 ஒகஸ்ட் 4 அன்று பட்டினிக்கு எதிரான அமைப்பின் 17 உள்ளூர்ப் பணியாளர்கள் இந்த ஊரில் அவர்களுடைய அலுவலக வளவிலேயே கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அதை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு, நீதியரசர் உடலாகம தலைமையில், 2009இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. அது பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டது 2015 ஒக்டோபரில். பொதுப் பணத்தில், பொதுச் சாட்சிகளைக் கேட்டு எழுதிய ஒரு பொது ஆவணத்தைக் கொல்லப்பட்டவர்களின் தாய் தந்தையர் ஆறு ஆண்டுகள் பார்க்க முடியவில்லை. அதன் முடிவுகளோடு உடன்படுவதா மறுப்பதா என்பது அடுத்த கேள்வி. படித்தால்தானே மறுக்க முடியும்.

இப்போது அவசரமான விடயத்துக்கு வரலாம். தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஒவ்வொரு அரச அலுவலகமும் தன் பதிவேடுகளை வகைப்படுத்தி, அட்டவணையிட்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது. சட்டம் வந்த பிறகு உருவான புதிய பதிவேடு 12 ஆண்டுகள் காக்கப்பட வேண்டும். சட்டம் வருவதற்கு முன்பே இருந்த பழையவை, சட்டம் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது 10 ஆண்டுகள். 2017 பெப்ரவரியிலிருந்து எண்ணினால் அந்தக் கெடு 2027 பெப்ரவரியில் முடிகிறது.

கெடு முடிந்த மறுநாளே எல்லாம் நெருப்புக்குப் போகும் என்று பயமுறுத்துவது நேர்மையாகாது. 1973ஆம் ஆண்டின் தேசிய சுவடிகள் சட்டம் இருக்கிறது, நினைத்தபடி அழிக்க முடியாது. ஆனால் மூதூர் போன்ற ஊரில் பதிவேட்டை அழிக்க யாரும் தீ வைக்கத் தேவையில்லை. கூரை ஒழுகினால் போதும். கரையான் போதும். அலுவலகம் புதுக் கட்டடத்துக்கு மாறும்போது "பழைய ஃபைல் எல்லாம் அந்த அறையில போடுங்க" என்ற ஒரு வார்த்தை போதும். 1980களின் இடம்பெயர்ந்தோர் பட்டியல், 1990களின் உலர் உணவுப் பதிவு, சுனாமிக்குப் பிந்திய வீட்டுத்திட்டக் கோவை, சம்பூர் மக்களின் முகாம் கணக்கு எல்லாமே அந்தப் பழைய வகைக்குள்தான் வருகின்றன. காணி வழக்கு ஒன்றில் ஒரு குடும்பத்துக்கு மிஞ்சியிருக்கக்கூடிய ஒரே சாட்சியும் அந்தக் கட்டுகளில்தான் இருக்கலாம்.

ஆகவே மூதூர் கேட்க வேண்டியது பெரிய திட்டமல்ல, கணினி மையமல்ல. இரண்டே பட்டியல். முதலாவது, பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்னென்ன பதிவேடுகள் இருக்கின்றன என்பது. பெயர்கள் வேண்டாம், தலைப்பும் ஆண்டும் போதும். இரண்டாவது, எவை தொலைந்தன என்பது: சுனாமியிலா, சண்டையிலா, காரணம் தெரியாமலா. இந்த இரண்டாவதை எந்த அலுவலகமும் விரும்பி எழுதாது. ஆனால் அதுவே அதிகம் பயன்படும். "உங்கட பேரேடு இங்க இல்லை" என்று வாயால் சொல்லித் திருப்பி அனுப்பினால் அது குடிமகனின் குறை. இந்த அலுவலகத்தின் இன்ன பேரேடு இன்ன ஆண்டு அழிந்தது என்று முத்திரையோடு எழுதினால் அது அலுவலகத்தின் குறை, காணி கேட்டு வருகிறவர் நீதிமன்றத்தில் நீட்டக்கூடிய ஆதாரமும் கூட.

அது தமிழில் எழுதப்பட வேண்டும் என்று தனியாகக் கேட்கத் தேவையில்லை. வடக்கிலும் கிழக்கிலும் பொதுப் பதிவேடுகள் தமிழில் பேணப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையே சொல்கிறது.

பிரதேச சபைகள் 2023 மார்ச்சிலிருந்து 2025 மே 6 தேர்தல் வரை தெரிவான உறுப்பினர் இல்லாமல் செயலாளர்களின் கையில் இருந்தன. கேள்வி கேட்க உறுப்பினர் இல்லை என்ற சாட்டு இப்போது இல்லை. புதிய உறுப்பினர்களில் ஒருவர் சபையில் பிரேரணையாகக் கொண்டுவரலாம். அவர்கள் செய்யாவிட்டால் பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் சபையும் மீனவர் சங்கமும் மாதர் சங்கமும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டுக் கேட்கலாம். யார் கேட்டார் என்று தனி ஒருவரைக் கடைத்தெருவில் சுட்ட முடியாது. கடிதத்துக்கு அச்சுப் படிவம் கட்டாயமில்லை. தகவல் அதிகாரிக்கு மூன்று கேள்விகள் போதும்: 2017க்கு முந்திய எந்தெந்தப் பதிவேடுகள் உங்கள் பொறுப்பில் உள்ளன, எவை அழிந்தன அல்லது காணாமற்போயின, சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்லும் அட்டவணை எங்கே பார்க்கக் கிடைக்கும். கையில் கொடுத்து, திகதியிட்ட பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் திகதியிலிருந்துதான் 14 வேலை நாட்கள் எண்ணப்படும்.